இன்னா பாயின் துண்டு

உதுமானின் துண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் கிழியும். நடுவில் நைவதும் ஓரம் பிரிவதும் பிறகு. முதலில் போவது வலது தோளில் முன்னால் தொங்கும் முனை. துவைக்கும் கல்லில் விரிக்கும்போதே மனைவி மரியத்தின் கைக்கு அது தட்டுப்படும். நூல் சிக்குப் பிடித்து, பொத்தல் பொத்தலாக, கன்றுக்குட்டி மென்று துப்பியது போல இருக்கும். துண்டு காய்ந்ததும் அந்த முனையை வெட்டி, மடித்துத் தைத்து வைப்பாள். கொஞ்ச நாளில் மறுபடியும் கிழியும். இப்படி ஒரு மூலை மழுங்கிய துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டே உதுமான் தன் நடுவயதைக் கடந்தார்.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்புறம் அவர்கள் குடியிருந்த சந்துக்கு ஒரே குழாய்தான். குழாயடியில் எதையும் மறைக்க முடியாது. பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் ஒருநாள் கேட்டே விட்டாள்.

"இன்னா மரியம், வூட்டுக்காருக்கு சோறு போட்றியா இல்லியா? மனுசன் துண்டத் துன்னுகினு கீறாரே!"

"பல்லு வலிதான்கா. துண்ட வச்சிக் கடிச்சா கொஞ்சம் அடங்குதாம்."

"இத்தினி வருசமாவா? அந்தப் பல்லப் புடுங்கிப் போட்டா இன்னாவாம்?"

மரியம் சிரித்துக்கொண்டே குடத்தை நிமிர்த்தினாள். பல்வலி என்பது அவள் கட்டிய கதை. கடைக்காரருக்கும் பள்ளிவாசல் மோதினாருக்கும் கூட அவள் இதையேதான் சொல்லியிருந்தாள். உதுமானின் பற்களில் ஒன்றுகூட ஆடவில்லை. அந்த வாயிலிருந்து வெளியே வந்துவிடக் கூடாத ஒன்று இருந்தது. அது வந்துவிடும் போலத் தோன்றும்போதெல்லாம் துண்டு உள்ளே போகும். அது கெட்ட வார்த்தையாக இருந்திருந்தால் மரியம் அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டாள். அது ஒரு துஆ, இறைவனை அழைக்கும் பிரார்த்தனை.

உதுமான் துறைமுகத்தில், கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் கூட்டத்தில் ஓர் ஆள். கப்பலின் மேல்தட்டில், சரக்கறையின் திறந்த வாய்க்குப் பக்கத்தில் நின்று கை காட்டுவது அவர் வேலை. சுமையைத் தூக்கி இறக்கும் வின்ச்சு இயந்திரத்தை ஓட்டுகிறவருக்குச் சரக்கறையின் உள்ளே நடப்பது தெரியாது. உள்ளே மூட்டை அடுக்குகிறவர்களுக்கு வின்ச்சுக்காரரைத் தெரியாது. இடையில் நிற்கிறவன்தான் இரண்டு பக்கத்துக்கும் கண். "ஆரியா" என்று அவர் குரல் கொடுத்துக் கையைத் தாழ்த்தினால் கயிற்றுச் சுமை கீழே இறங்கும். "நிப்பாட்டு" என்றால் அந்தரத்தில் நின்றுவிடும். இந்த இரண்டு சொற்களை வைத்துத்தான் அவர் குடும்பம் நடத்தினார்.

யுத்த காலத்தில் அவருக்கு ஒரு தொல்லை வந்தது. விமானத் தாக்குதல் வரும் என்று சங்கு ஊதிய நாட்களில் ஆரம்பித்தது. பிறகு சங்கு தேவைப்படவில்லை. சும்மா நிற்கும்போதே நெஞ்சு அடிக்கும், விரல்கள் சில்லிடும், மூச்சு பாதியில் நின்று திரும்பும், இந்த நிமிடமே செத்துவிடப் போகிறோம் என்று தோன்றும். கொஞ்ச நேரத்தில் எதுவும் நடக்காமல் அது விலகிப் போகும். டாக்டர் மார்பில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாத ஒரு விஷயத்துக்கா ஓர் ஆண்பிள்ளை இப்படி நடுங்குவான் என்று உதுமானுக்கே அவமானமாக இருந்தது.

அந்த நேரத்தில் அவரைக் காப்பாற்றியது ஒரே ஒரு வாக்கியம். "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்." நாம் அல்லாஹ்வுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்பிப் போகிறவர்கள். இதைச் சாவுச் செய்தி கேட்டால் மட்டும் சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். மரியத்தின் ஊர் பழவேற்காடு. அங்கே விளக்கு அணைந்தாலும் சொல்வார்கள், செருப்பு வார் அறுந்தாலும் சொல்வார்கள். எந்த இடருக்கும் அது பொது. உதுமான் அதை வாய்விட்டுச் சொன்னால்தான் மூச்சு வழிக்கு வரும். "இலைஹி" என்ற இடத்தில் ஒரு நீண்ட மூச்சு வெளியே போகும், கூடவே தோள்கள் இறங்கும். மரியம் பக்கத்திலிருந்து பலமுறை பார்த்திருக்கிறாள். மருந்து இறங்குவது போலத்தான் இருக்கும்.

ஆனால் அவர் வேலை செய்த ஊர் ராயபுரம். அங்கே "இன்னா" என்றால் அர்த்தமே வேறு.

வின்ச்சு ஓட்டியவர் காலடிப்பேட்டை கிருஷ்ணப்பன். கூட்டத்திலேயே வாய்த்துடுக்கு அதிகம். உதுமான் மேல்தட்டில் நின்று "இன்னா…" என்று தொடங்கினால் போதும், வின்ச்சிலிருந்து பதில் வரும்.

"இன்னா பாய், இன்னா? இன்னா வோணும்னு சொல்லு! டீயா, பீடியா, இல்ல இன்னொரு நிக்காவா?"

கூட்டமே சிரிக்கும். உதுமானும் சிரித்துவிடுவார். கிருஷ்ணப்பனிடம் விஷம் கிடையாது. நோன்பு மாதத்தில் உதுமான் கண்ணில் படும்படி அவர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். உதுமானுக்கு மயக்கம் வருவது போலிருந்தால் வின்ச்சை நிறுத்திவிட்டு, தானே வெயிலில் வந்து நின்று மறைப்பார். ஆனாலும் கேலி கேலிதான். "இன்னா பாய்" என்ற பெயர் துறைமுகத்தில் நிலைத்தது. அதைச் சந்துக்குக் கொண்டுவந்தது மரியம்தான். ஒருநாள் குழாயடியில் சிரிப்புக்காக அவளே சொன்னாள். வியாகுலம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாளே சந்து முழுக்க அவர் இன்னா பாய். ஒரு மனுஷன் பயந்து நடுங்கி இறைவனை அழைத்ததை எடுத்துக் குழாயடியில் விற்றிருக்கிறோமே என்று அவளுக்கு உறைக்க வெகுநாள் ஆயிற்று.

பரிகாரமாக வேறொரு துஆவைச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள். "ஹஸ்புனல்லாஹு வ நிஃமல் வகீல்." அல்லாஹ் நமக்குப் போதும், பொறுப்பேற்பவர்களில் அவனே சிறந்தவன்.

"இத சொல்லிப் பாருங்க. இதுல இன்னாவே இல்ல."

வீட்டில் சொன்னபோது அழகாக வந்தது. நெஞ்சு அடிக்கும்போது மட்டும் பழையதுதான் வந்தது. நடுங்குகிற நேரத்தில் யார்தான் புதிதாகக் கற்றதைத் தேடிப் போவார்கள்? உதுமானின் வாப்பா கடலில் மூழ்கிப் போனபோது, சின்னப் பிள்ளையான அவரை மடியில் போட்டுக்கொண்டு அவருடைய உம்மா நாள் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். அது நாக்கில் பழகிய சொல் அல்ல, எலும்பில் பழகியது.

யுத்தம் முடிந்த மறுவருடம் ஒரு பகலில் உதுமான் வேலை முடியும் முன்பே வீட்டுக்கு வந்தார். வேட்டியில் ரத்தம். அவருடைய ரத்தம் இல்லை. தோல் கட்டுகளைக் கப்பலில் இறக்கும்போது கயிறு சாய்ந்து, ஒரு கட்டு நழுவி, கீழே நின்ற மாரியப்பனின் காலில் விழுந்துவிட்டது என்றார். காலை எடுத்துவிட்டார்கள் என்று இரண்டொரு நாளில் தெரிந்தது. கிருஷ்ணப்பன், நிறுத்தச் சொன்ன குரலைக் கேட்காமல் வின்ச்சை ஓட்டியதால் விபத்து என்று துரையின் விசாரணையில் முடிவாயிற்று. அவர் கையிலிருந்த பில்லையைப் பிடுங்கிக்கொண்டார்கள். பில்லை இல்லாதவனைத் துறைமுகத்து வாசலில் விட மாட்டார்கள்.

மரியம் மாரியப்பனுக்காக அழுதாள். கிருஷ்ணப்பன் மேல் கோபப்பட்டாள். விளையாட்டுப் புத்திக்கு ஓர் ஆளின் கால் போனதே என்று வியாகுலம்மாளிடம் சொன்னாள்.

துண்டின் முனை கிழிய ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

அது மட்டுமில்லை. உதுமான் அந்த துஆவைச் சொல்வதையே விட்டுவிட்டார். நெஞ்சு அடித்தது. விரல்கள் சில்லிட்டன. ஆனால் துண்டைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு, கண்கள் பிதுங்க, சுவரைப் பார்த்து நிற்பார். முன்பு சொல்லி முடிக்கும் நேரத்தில் போன படபடப்பு இப்போது அரை நாள் இழுத்தது. மரியம் முதுகைத் தடவிக்கொண்டே, "வாய் விட்டுச் சொல்லுங்களேன்" என்பாள். தலை மட்டும் ஆடும்.

மரியத்தின் உம்மா பழவேற்காட்டில் மவுத்தான செய்தியைக் கொண்டு தம்பி கமாலுதீன் வந்தான். வாசலில் நின்று சொன்னான். மரியம் உட்கார்ந்துவிட்டாள். எந்த முஸ்லிமும், தொழாதவன்கூட, அந்த நேரத்தில் சொல்லும் அந்த வாக்கியத்துக்காகத் தம்பி மச்சானின் முகத்தைப் பார்த்தான். உதுமான் துண்டை எடுத்து வாயில் வைத்தார்.

கமாலுதீன் இருவரையும் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போனான். அடக்கம் முடிந்த பிறகுதான் அக்காவிடம் வந்தான்.

"அக்கா, உம்மாவுக்காக ஒரு இன்னா லில்லாஹி சொல்ல மச்சானுக்கு வாய் வரலியா? எதிரி வூட்டு மவுத்தக் கேட்டாக்கூட சொல்லுவாங்களே!"

சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மரியம் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். பல்வலிக் கதையை அங்கே சொல்ல முடியாது.

ராயபுரம் திரும்பிய அன்று சாயங்காலம், விளக்கு ஏற்றியதும் கேட்டாள்.

"என் உம்மா உங்களுக்கு என்ன கெடுதி செஞ்சாங்க?"

உதுமான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துண்டை மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"நா நிப்பாட்டுன்னு சொல்லவே இல்ல மரியம்."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"அன்னிக்கு. கட்டு சாயறத நா பார்த்தேன். நல்லாப் பார்த்தேன். கயிறு நழுவறது தெரியுது, கீழ மாரியப்பன் நிக்கறது தெரியுது. வாயத் தொறந்தேன். நிப்பாட்டு வரல. நெஞ்சு அடைச்சிகிச்சி. இன்னா லில்லாஹின்னுதான் வந்துச்சி. அவன் வழக்கமாட்டம் 'இன்னா பாய், இன்னா'ன்னு சிரிச்சிகினே ஓட்னான். அப்பால…"

"வெசாரணையில நீங்க…"

"தொர கேட்டாரு. நிறுத்தச் சொன்னியா இல்லியா? அத்தினி பேரு சுத்தி நிக்கறாங்க. நா இன்னான்னு சொல்றது? பயந்து நடுங்கிட்டேன், துஆதான் வந்துச்சின்னு சொல்றதா? அப்பவும் நெஞ்சு அடிச்சிகினேதான் இருந்துச்சி. சொன்னேன் சார்னு வாய் சொல்லிடுச்சி."

"கிருஷ்ணப்பன் மறுத்துப் பேசலியா?"

உதுமான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவன் இன்னா சொன்னான் தெரியுமா? 'பாய் சொல்லியிருப்பாரு சார். நாந்தான் கிண்டல் பண்ணிகினு இருந்தேன். காதுல வுழல'ன்னான். அவன் அத்த நம்பறான் மரியம். நெஜமாவே நம்பறான்."

விளக்கைச் சுற்றி ஒரு பூச்சி மோதிக்கொண்டிருந்தது. மரியம் அதையே பார்த்தாள். ஓர் ஆள் காலை இழந்தான், ஓர் ஆள் பிழைப்பை இழந்தான், அல்லாஹ்வின் பெயரைக் கொண்ட ஒரு வாக்கியம் இந்த வீட்டில் சொல்ல முடியாத சொல்லாகிவிட்டது. துஆ மேல் என்ன குற்றம்? அது வந்த இடத்தில் சரியாகத்தான் வந்தது. அதற்குப் பிறகு வந்த "சொன்னேன் சார்" அல்லவா தப்பு? இதை அவள் மனத்துக்குள் தெளிவாகவே கண்டாள்.

"போயி சொல்லிடுங்க," என்றாள். "தொர கிட்ட சொல்லுங்க. இல்ல, கிருஷ்ணப்பன் கிட்டயாவது சொல்லுங்க."

"சொன்னா பில்ல போயிடும்."

மரியம் விளக்கைத் தணித்தாள். காலையில் எழுந்து, எப்போதும் போலச் சோறு கட்டிக் கொடுத்தாள். அவரும் எப்போதும் போல வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். பிறகு நோன்புப் பெருநாள் கழியட்டும் என்றார். ஹஜ்ஜுப் பெருநாள் கழியட்டும் என்றார். வருஷம் திரும்பியதும் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டார்கள். அவர் சொல்லாமல் இருந்ததில் தன் பங்கு எவ்வளவு என்று மரியம் சில வேளை நினைத்துப் பார்ப்பாள். கேட்காமல் இருந்ததற்கும் ஒரு பங்கு உண்டுதானே? கட்டிக் கொடுத்த சோற்றுக்கு?

பல வருஷம் கழித்து, கிருஷ்ணப்பனைப் பற்றிய செய்தியும் குழாயடி வழியாகத்தான் வந்தது. வியாகுலம்மாளின் அண்ணன் எண்ணூர்ப் பக்கம் ரயில்வேயில் இருந்தான்.

"அடுத்தவன் காலெடுத்த கிருஷ்ணப்பன்னு ஒருத்தன் கீறானாம், உப்பளத்துல. உன் வூட்டுக்காரோட வேல செஞ்சவன்தானாமே? காலடிப்பேட்டையில தலகாட்ட முடியாம அங்க பூட்டானாம். பொண்ணுக்கு வந்த மாப்ள வூட்டுக்காரங்க பேரக் கேட்டுட்டு அப்டியே திரும்பிகினு போய்ட்டாங்களாம். பாவம் அந்தப் பொண்ணு இன்னா செஞ்சிது?"

மரியம் குடத்தை நிரம்பி வழிய விட்டுவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் இருவரும் ரயில் ஏறினார்கள். உதுமான் புதுத் துண்டு போட்டிருந்தார். முனை கிழியாத துண்டை அவர் தோளில் பார்த்து அவளுக்கே வேறு யாரோ போலிருந்தது. வண்டியில் அவர் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். "கிருஷ்ணப்பா, அன்னிக்கு நா நிப்பாட்டுன்னு சொல்லல. உன் மேல தப்பு இல்ல." இவ்வளவுதான். மரியமும் கூடவே உதடு அசைத்தாள்.

உப்பளத்தில் வெயில் கண்ணைப் பிடுங்கியது. பாத்திகளில் தண்ணீர் வற்றி உப்பு பூத்திருந்தது. பலகை போட்டு உப்பை இழுத்துக்கொண்டிருந்த ஒல்லியான கிழவர் நிமிர்ந்து பார்த்தார். பலகையைப் போட்டுவிட்டு வரப்பில் ஓடிவந்தார்.

"பாய்! அட நம்ம பாய்! வா பாய். தங்கச்சியும் வந்துகீதா? புஷ்பவல்லி, தண்ணி எட்தாம்மா!"

குடிசை நிழலில் பாய் விரித்தார்கள். புஷ்பவல்லி சொம்பில் தண்ணீர் வைத்தாள். கலியாண வயதைத் தாண்டிக்கொண்டிருந்த மகள். தலை குனிந்தே நின்றாள். மரியம் சொம்பை வாங்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கிருஷ்ணப்பன் துறைமுகத்து ஆட்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தார். ஒரு கேலி இல்லை, ஒரு நையாண்டி இல்லை. அந்த வாயை யாரோ கழுவிக் கவிழ்த்தது போல இருந்தது.

உதுமான் தொடங்கினார்.

"கிருஷ்ணப்பா, அன்னிக்கு…"

அதற்கு மேல் போகவில்லை. முகம் வெளுத்தது. கை தரையைத் தேடியது. மரியம் எழுவதற்குள் துண்டின் முனை வாய்க்குள் போயிருந்தது. மூச்சு மூக்கில் சீறியது.

கிருஷ்ணப்பன் ஒரே எட்டில் வந்து பக்கத்தில் குந்தினார். உப்பில் காய்ப்புப் பிடித்த விரல்களால் உதுமானின் தாடையைப் பிடித்துத் துண்டை வெளியே இழுத்தார்.

"துண்ட எடு பாய். மூச்ச வுடு. இத்த கட்ச்சா எப்டி வுடுவ? அத்த சொல்லு பாய், நீ சொல்லுவியே… அத்த சொன்னா உனக்கு சரியாப் பூடுமே."

உதுமான் தலையை ஆட்டி மறுத்தார்.

"நா சொல்றேன், நீ கூட சொல்லு. இன்னா லில்லா… அப்பால? வ இன்னா… இன்னா பாய் அது, இலாயியா? சொல்லு பாய், எனக்குத் தெரியாது, நீதான் சொல்லணும்."

வருஷக்கணக்காகக் கேலி செய்தவர், கேலி செய்யச் செய்ய அதை முக்கால்வாசி பாடம் செய்து வைத்திருந்தார். அவர் வாயில் அது தப்பும் தவறுமாக வந்தது. யாரும் சிரிக்கவில்லை. உதுமானின் உதடுகள் மெல்லத் திறந்தன. "இன்னா லில்லாஹி… வ இன்னா… இலைஹி…" அந்த நீண்ட மூச்சு வெளியே போனதை மரியம் பார்த்தாள். அந்தச் சொற்களை அவர் வாயால் கேட்டு எத்தனை காலமாயிற்று! தோள்கள் இறங்கின. கண்ணில் நீர் வழிந்தது.

இப்போது சொல்லிவிடுவார் என்று அவள் நினைத்தாள். சொல்லத்தான் இருந்தார். அதற்குள் கிருஷ்ணப்பன், பிடித்த கையை விடாமல், தானே பேச ஆரம்பித்துவிட்டார்.

"நீ எதுக்கு வந்தன்னு எனக்குத் தெரியும் பாய். அன்னிக்கு நெனப்பு உன்ன வுடல. என்னியும் வுடல. நா வாய மூடிகினு இருந்திருந்தா நீ நிப்பாட்டுன்னது காதுல வுழுந்திருக்கும். மாரியப்பன் கால் இருந்திருக்கும். சாமி பேரச் சொன்னவன கிண்டல் பண்ணேன், அதான் எனக்கு இந்தக் கதி. எனக்கு மாப்பு குடுத்துடு பாய்."

புஷ்பவல்லி குடிசைக்குள் போய்விட்டாள்.

உதுமான் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மரியத்தைப் பார்த்தார். அவள் சொம்பைப் பார்த்தாள்.

"வுடு கிருஷ்ணப்பா," என்றார் உதுமான். "ஆனது ஆச்சி. வுடு."

புறப்படும்போது கிருஷ்ணப்பன் ஒரு துணியில் உப்பு கட்டி மரியத்திடம் கொடுத்தார். "நல்ல வெள்ள உப்பு தங்கச்சி. கொழம்புல போடு, பாய்க்கு ருசியா இருக்கும்."

ரயிலில் கூட்டமில்லை. காற்று உப்பாக அடித்தது. மரியம் சொன்னாள்.

"அவரு மாப்பு கேட்டாரு. நீங்க குடுத்துட்டீங்க."

"உனக்கும் வாய் கீதில்ல மரியம்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திருவொற்றியூர் வந்தபோது பார்த்தாள். புதுத் துண்டின் முனை ஈரமாகி இருந்தது.

அந்த உப்பை அவள் குழம்பில் போடவில்லை. கொட்டவும் மனம் வரவில்லை. அடுப்பங்கரை மாடத்தில் துணியோடு வைத்தாள். மழைக்காலத்தில் அது கசிந்து, சுவரில் கோடாக இறங்கி, ஒருநாள் வெறும் துணிதான் இருந்தது. சுவரில் அந்தத் தடம் சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை.

உதுமான் படுக்கையில் விழுந்தது அதற்குச் சில வருஷங்கள் கழித்து. நுரையீரலில் நீர் என்றார்கள். மூச்சு முட்டும்போதெல்லாம் கை துண்டைத் தேடியது. மரியம் துண்டை எடுத்துத் தூரப் போட்டுவிட்டு, அவர் காதருகில் குனிந்து அந்த துஆவைச் சொன்னாள். சில வேளை அவரும் கூடச் சொன்னார். ஒரு காலையில் தெளிவாகக் கண் விழித்து, "கிருஷ்ணப்பனுக்கு ஆள் அனுப்பு. சொல்லிடறேன்" என்றார். வியாகுலம்மாளின் அண்ணன் வழியாகச் செய்தி போயிற்று. கிருஷ்ணப்பன் கிடைத்த முதல் வண்டியில் வந்தார். அவர் சந்துக்குள் நுழைந்தபோது உதுமானைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள்.

மாலை அஸர் தொழுகைக்கு முன், உடலை வைத்த சந்தூக்கைத் தூக்க வேண்டும். சந்தில் ஆண்கள் நின்றார்கள். உள்ளே, சாக்குத் திரைக்குப் பின்னால், பெண்களுக்கு நடுவே வெள்ளைத் துப்பட்டியில் மரியம் உட்கார்ந்திருந்தாள். தூக்குவதற்கு முன், உறவில் ஒருவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கமாலுதீன் கேட்டான்.

"எல்லாரும் கேளுங்க. மச்சான் யாருக்காச்சும் எதனா குடுக்க வேண்டியது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நா பொறுப்பு. அவரு மேல மனத்தாங்கல் இருந்தா அல்லாவுக்காகப் பொறுத்துக்குங்க."

கடைக்காரர் ஒன்றுமில்லை என்றார். மோதினார் ஒன்றுமில்லை என்றார். பிறகு, பின்னாலிருந்து, ஒரு கரகரத்த குரல் வந்தது. திரைக்குப் பின்னாலும் மரியத்துக்கு அது யார் என்று தெரிந்தது.

"எனக்கு பாய் ஒண்ணும் தர வேணாம்பா. நாந்தான் பாய்க்குக் கடன்காரன். என்னாலதான் அவருக்கு அந்த மனக்கஷ்டம். கடேசியா இன்னாவோ சொல்லணும்னு கூப்ட்டாராம். நாந்தான் லேட்டா வந்துட்டேன்."

யாரோ அவரைச் சமாதானப்படுத்தினார்கள்.

பொறுப்பு என்று சொன்ன தம்பிக்கு என்ன பொறுப்பு என்று தெரியாது. தெரிந்தவள் ஒருத்திதான். கணவன் இறந்த வீட்டில் பெண் அந்நிய ஆண்களுக்கு முன் குரல் எழுப்பக் கூடாது என்று ஒரு காரணம் அவளிடம் இருந்தது. அது நல்ல காரணமும்கூட. ஆனால் உப்பளத்தில் அந்தக் காரணம் இல்லையே? உப்பை வாங்கியபோது இல்லையே? கமாலுதீனைத் திரைக்கு அருகே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னால்கூடப் போதும். புஷ்பவல்லிக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை என்று நேற்றுத்தான் கேள்விப்பட்டிருந்தாள்.

நெஞ்சு அடித்தது. விரல்கள் சில்லிட்டன. அவர் சொல்லிச் சொல்லிக் கேட்டதுதான், ஆனால் இப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

வெளியே கலிமா ஓதிக்கொண்டே சந்தூக்கைத் தூக்கினார்கள். "நிப்பாட்டு" என்று ஒரு சொல் சொன்னால் நின்றிருக்கும். மரியம் வாயைத் திறந்தாள். பக்கத்திலிருந்த வியாகுலம்மாள் அவள் தோளைப் பிடித்து, "அழு மரியம், வாய் வுட்டு அழு" என்றாள். அப்போதுதான், துப்பட்டியின் முனை தன் பல்லுக்கிடையில் இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

திரையின் கிழிசல் வழியாகப் பார்த்தாள். சந்து முனையில் ஆள் மாற்றிக்கொண்டார்கள். முன்பக்கத்துக் கொம்பைக் கிருஷ்ணப்பன் தோளில் வாங்கிக்கொண்டு, செருப்பில்லாத காலோடு, கல்மண்டபத்துப் பக்கம் திரும்பினார்.